ஆட்டத்தில் ஓர் இடம்

(ஏற்காட்டில் நடைபெற்ற வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, கல்வியும் சமுதாய முன்னேற்றமும் என்ற பொருள் பற்றிப் பேசுமாறு பணித்தனர். இருபத்தைந்து ஆண்டுகளாக அப்பொருள் பற்றி என்னினும் கற்றவர் பலர் நம் மேடையில் பேசியிருக்கின்றனர். ஆகவே சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்ள இசைவு கேட்டேன். நான் படித்த கல்லூரியின் கால்பந்துக் குழு ஓர் ஆண்டில் ஆடிய ஆட்டங்களே அப்பொருள். அக்குழு கோப்பை எதனையும் வெல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்பொருளை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் கழகத்தின் சென்ற பொதுக்குழுவில், விடுதி மாணவர்களுக்குப் பந்து வாங்கவும், விடுதிக்குப் பின்னுள்ள சரிவைச் சமப்படுத்தவும் சிறு தொகை ஒதுக்க வேண்டுமென்று தம்பிகள் கேட்டனர். அப்போது ஒரு பெரியவர் எழுந்து, "படிக்க வந்த பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்று வினவினார். அவ்வினாவை நான் இகழவில்லை. நம் கழகத்தின் ஒவ்வொரு ரூபாயும் தோட்டக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்துக் கொடுத்த ரூபாய். அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கு முழுவதும் உண்டு. அன்று நான் விடை கூறவில்லை. இன்று கூற முயல்கிறேன்.

வேலிக்கு இப்புறம்

இம்மலையில் பிறந்தவர்களுக்குச் சமதளத்தின் அருமை தெரியும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில், ஏரியைச் சுற்றியுள்ள சிறு பகுதி நீங்கலாகப் பெரும்பாலும் சரிவே. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பிச் செடியை இம்மலைக்குக் கொண்டுவந்தார். அதன் பின் காடு திருத்தப்பட்டது; பாதை வெட்டப்பட்டது; மாளிகைகளும் விடுதிப் பள்ளிகளும் எழுந்தன. சரிவை வெட்டிச் சமமாக்கிய கைகளுள் நம் முன்னோர் கைகளும் உண்டு. ஆயினும் அவர்கள் சமமாக்கிய நிலத்தில் ஓடியாடும் உரிமை அவர்தம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வேலிக்கு இப்புறம் நின்று ஆட்டம் பார்த்தோம். பந்து வேலியைத் தாண்டி வந்தால் எடுத்து எறிவதே எங்களுக்கு வாய்த்த விளையாட்டு. கையால் எறிவதை விடுத்து, காலால் உதைத்து அனுப்ப நான் எப்படியோ கற்றுக்கொண்டேன்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே இறங்கிச் சமவெளியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்நாளில் சேலம் மாவட்டக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல்தான் தோன்றியது. கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்கள் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். இரண்டாம் ஆண்டில், குழுவில் இடம்பெற்றவர் பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பன்னிரண்டாவது பெயர் என்னுடையது. அதனை நான் மூன்று முறை சென்று படித்தேன். விடுதிப் பட்டியல், உதவித்தொகைப் பட்டியல் ஆகியவற்றில் என் பெயர் முன்னரே இருந்தது. அவை என் சாதிச் சான்றிதழைக் கண்டு எழுதப்பட்டவை. இந்தப் பட்டியல் என் காலைக் கண்டு எழுதப்பட்டது. உதவித்தொகையை நான் குறைத்துக் கூறவில்லை. அஃது இல்லையேல் நான் அக்கல்லூரியிலேயே இருந்திருக்க மாட்டேன். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் இவ்விரண்டு பட்டியல்களும் செய்யும் வேலை வெவ்வேறு.

பொட்டலச் சோறு

முதல் ஆட்டத்தில் நாங்கள் ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றோம். நான் வெளியே அமர்ந்திருந்தேன். இரண்டாவது ஆட்டம் வெளியூரில். எங்களுக்கு மதிய உணவு அளிக்க அவ்வூர்ப் பெரிய மனிதர் ஒருவர் முன்வந்திருந்தார். எல்லோர்க்கும் கூடத்தில் இலை போடப்பட்டது. என்னைப் பற்றி யாரிடமோ கேட்டறிந்த பின், எனக்கு மட்டும் பின்கட்டுத் திண்ணையில் இலை போட்டனர். குழுவில் ஒருவரும் எழவில்லை, ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பசித்தது, உண்டேன். அன்று மாலை இடப்புறக் காவல் ஆட்டக்காரருக்குக் கணுக்கால் பிசகவே, அவர் இடத்தில் நான் இறக்கப்பட்டேன். ஆட்டம் சமனாக முடிந்தது.

அடுத்த ஆட்டத்திலிருந்து எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் எந்த வீட்டு விருந்தையும் ஏற்கவில்லை. பன்னிரண்டு பொட்டலம் சோறு கட்டிக்கொண்டு வந்தார். திடலின் ஓரத்து மரநிழலில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்டோம். ஏன் இந்த மாற்றம் என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. அப்பொட்டலச் சோற்றின் சுவை இன்றும் என் நாவில் இருக்கிறது.

நெடுநாள்கள் அவரை எண்ணி நன்றியால் நெகிழ்ந்தேன். பின்னாளில் என் எண்ணம் சற்று மாறியது. அவர் நல்லவர், ஐயமில்லை. ஆயினும் அவர் செய்தது, கதவைத் திறக்கச் சொல்வதற்குப் பதிலாக எல்லோரையும் வெளியே உட்கார வைத்தது. அதனால் என் மானம் காக்கப்பட்டது. அந்தக் கூடத்தின் வழக்கமும் காக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை நான் உணர்ந்தது, பிறிதோர் ஊரின் கால்பந்து வரலாற்றைப் படித்தபோதுதான். அதனைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

மூன்றாவது, நான்காவது ஆட்டங்களில் வென்றோம். டிசம்பரில் மண்டல அரையிறுதிக்கு வந்தோம். டிசம்பர் என்றால் இங்கே காப்பிப் பழம் பறிக்கும் காலம். வீட்டில் ஒவ்வொரு கையும் கூலி. "ஓர் ஆளின் கூலி போனால் போகட்டும்" என்று என் தாயார் என்னை விட்டுவைத்தார். அந்த அரையிறுதியில் ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடங்கள் இருக்கையில், நான் தடுத்திருக்க வேண்டிய பந்து என் காலடியில் நழுவிச் சென்றது. எதிரணியினர் அதனை வலைக்குள் செலுத்தினர். ஒன்றுமில்லை என்பதற்கு ஒன்று. எங்கள் பருவம் அத்துடன் முடிந்தது.

மறுநாள் பேருந்தேறி மலைக்கு வந்து, தாயாருடன் கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்க நின்றேன். சற்று நேரம் கழித்து அவர், "தோத்துட்டீங்களா?" என்றார். ஆம் என்றேன். "மறுபடி எப்போ?" என்றார். அடுத்த வருடம் என்றேன். "அப்போ நடுவுல சும்மாத்தானே இருக்கே, பரீட்சைய எழுதிப்போடு" என்றார். எழுத்தறியாத அத்தாய் கூறியதைவிடச் சிறந்த அறிவுரையை நான் பின்னர் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

ஏப்ரலில் ஆங்கிலத் தாளில் தோற்றேன். படிப்பை விட்டுவிட எண்ணினேன். அப்போது என்னைத் தடுத்தது புத்தகம் அன்று, அந்தப் பருவம். முதல் ஆட்டத்தில் நான்கு வாங்கிய குழு அரையிறுதி வரை வந்ததை என் கண்ணால் கண்டிருந்தேன். செப்டம்பரில் மீண்டும் எழுதித் தேறினேன். அடுத்த ஆண்டு ஆடினேன்; அப்போதும் கோப்பை கிடைக்கவில்லை; பட்டம் கிடைத்தது.

விளையாட முடியாத சிறுவன்

ஆட்டத்தில் இடம் பெறுவது அற்பச் செய்தி என்று கருதுவோர், நம் முன்னோடி இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும். 1859-இல் பிறந்து, 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்து, 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கி, அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த பெருமகனார் அவர். 1939-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்த நாள்களை நினைவுகூர்கிறார். உடன் படிப்போருடன் பழகினால் தம் சாதி வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி, மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே நின்று படிப்பாராம்; வகுப்பு முடிந்ததும் எவரும் எட்டாதபடி விரைந்து வீடு சேர்வாராம். மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாத கொடுமையை எண்ணி மனங் கலங்கியதாகவும் அவரே எழுதியுள்ளார்.

தோழர்களே! பின்னாளில் பேரரசின் தலைநகர் வரை சென்று வாதாடிய தலைவர், முதுமையில் தம் இளமைத் துயரத்தை எழுத அமர்ந்தபோது, விளையாட முடியாமற் போனதை மறக்கவில்லை. புத்தகம் அவருக்குக் கிடைத்தது, கூட்டம் கிடைக்கவில்லை. கல்வி என்பது இவ்விரண்டும் சேர்ந்தது.

குயவர் வீட்டுப் பிள்ளை

இனி நான் முன்னர்க் குறிப்பிட்ட ஊருக்கு வருகிறேன். அது கல்கத்தா. இந்தியர் கால்பந்தைத் தொடங்கியது அங்குள்ள மாணவர்களிடையேதான். 1877-இல் தாயுடன் கங்கையில் நீராடச் சென்ற நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவன், ஆங்கிலேயர் ஆடுவதைக் கண்டு நின்றான் என்றும், தன்பால் உருண்டு வந்த பந்தை உதைத்து அனுப்பினான் என்றும் கூறுவர். அவன் ஹேர் பள்ளி மாணவன். வகுப்புத் தோழர்களிடம் பணம் திரட்டிப் பந்து வாங்கினான். வாங்கியது ரக்பி ஆட்டத்துப் பந்து என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்பவர் சரியான பந்தைக் கொடுத்து ஆட்டத்தைக் கற்பித்தார்.

அச்சிறுவன் வளர்ந்து பல கழகங்களை அமைத்தான். அவற்றுள் ஒன்று 1880-களில் அமைந்த வெல்லிங்டன் கழகம். அதில் மணி தாஸ் என்னும் இளைஞரைச் சேர்க்க அவர் முற்பட்டார். மணி தாஸ் குயவர் வீட்டுப் பிள்ளை. உயர்குடியினரான உறுப்பினர் பலர் எதிர்த்தனர். நாகேந்திர பிரசாத் மாற்றுவழி தேடவில்லை. பொட்டலச் சோறு கட்டவில்லை. அந்தக் கழகத்தையே கலைத்தார். சோவாபஜார் கழகம் என்ற புதிய அமைப்பு எழுந்தது. அதன் முதல் உறுப்பினராக மணி தாஸ் சேர்க்கப்பட்டார் என்பது வரலாறு.

அக்கழகம் 1892-இல் டிரேட்ஸ் கோப்பை ஆட்டமொன்றில் கிழக்கு சர்ரே படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. போட்டி ஆட்டமொன்றில் ஆங்கிலேயர் குழுவை இந்தியக் குழு வென்றது அதுவே முதன்முறை என்பர். வெற்றி பின்னால் வந்தது. கதவு முன்னால் திறந்தது. கதவைத் திறந்தால் உடனே வெற்றி வரும் என்று நான் கூறவில்லை. கதவை மூடிவைத்துக்கொண்டு வெற்றி பெறுவதில் பெருமை இல்லை என்பதையே கூறுகிறேன்.

ஒரு புள்ளி

கால்பந்தில் ஓர் ஆட்டம் வேறு, ஒரு பருவம் வேறு. இதனை விளங்கிக்கொள்ள நம் தமிழ்நாட்டிலேயே அண்மைச் சான்று உண்டு. 2018–19 ஐ-லீக் போட்டியில் சென்னை சிட்டி அணி இருபது ஆட்டங்கள் ஆடியது. பதின்மூன்றில் வென்றது, நான்கில் சமன் செய்தது, மூன்றில் தோற்றது. இறுதி நாளான 2019 மார்ச் 9 அன்று, கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாப் அணி மூன்றாம் நிமிடத்திலேயே ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை நம்மவர் பின்தங்கியே இருந்தனர். பின்னர் மூன்று கோல்கள் அடித்து வென்றனர். கணக்குப் பார்த்தபோது சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் அணிக்கு 42.

ஒரே ஒரு புள்ளி! அந்த ஒரு புள்ளி எந்த ஆட்டத்தில் கிடைத்தது? இறுதி நாளைப் பாடுவோர் பலர். ஆனால் வெல்ல முடியாத நாளில், தோற்காமலாவது திரும்ப வேண்டுமென்று பல்லைக் கடித்துச் சமன் செய்த அந்த நான்கு ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் ஒன்றில் தோற்றிருந்தாலும் அந்த ஒரு புள்ளி முன்னிலை இருந்திராது. 2021-க்குப் பின் அவ்வணி ஐ-லீக்கில் இடம்பெறவில்லை. எனினும் அந்தப் பருவத்தின் கணக்கை எவரும் அழிக்க முடியாது.

தம்பிகளே, ஒரு தாளில் தோற்றவுடன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்திற்கோ திருப்பூருக்கோ போய்விடும் உங்களை எண்ணியே இதனைச் சொல்கிறேன். நீங்கள் தோற்றது ஓர் ஆட்டம். பருவம் இன்னும் முடியவில்லை. முதல் வகுப்பு பெற முடியாத ஆண்டில், முப்பத்தைந்து மதிப்பெண் பெற்றுத் தேறுவதும் ஒரு புள்ளியே.

பெரியவருக்கு விடை

இப்போது பொதுக்குழுவில் வினவிய பெரியவருக்கு என் விடையைக் கூறுகிறேன். அண்ணல் அம்பேத்கர் 1924-இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. இலவசப் படிப்பகமும் நடத்தியது. அதே சபை பம்பாயில் நம் இளைஞர்களுக்காக ஒரு ஹாக்கிக் குழுவையும் நடத்தியது. சூதிலும் குடியிலும் பிள்ளைகள் விழாதிருக்க அஃது ஒரு வழி என்று கருதப்பட்டது. நம்மைவிட வறிய நாளில், நம்மைவிடக் குறைந்த பணத்தில், கல்வியின் அருமையை நம் எல்லோரினும் அறிந்த பெருமகன் விளையாட்டையும் தம் திட்டத்தில் சேர்த்தார். ஆகவே ஐயா, படிக்க வந்த பிள்ளைக்குப் பந்தும் வேண்டும். புத்தகச் செலவில் கை வைத்து அன்று. நம் விழாச் செலவில், வளைவுச் செலவில், மாலைச் செலவில் குறைத்து. இன்று எனக்கு அணிவித்த மாலையின் விலையில் ஒரு பந்து வாங்கியிருக்கலாம்.

அதே நேரத்தில் இளைஞர்களுக்கும் ஒரு சொல். பந்து உங்களைக் காப்பாற்றும் என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். ஆடுபவர் ஆயிரம் பேரில் ஆட்டத்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. என்னைப் பிழைக்க வைத்தது பட்டம். அப்பட்டத்தை விட்டு ஓடாமல் என்னை நிறுத்தியது ஆட்டம்.

இறுதியாக ஒன்று. சொல்வதற்குச் சற்றுக் கடினமாக இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் இறங்கினால் நான் உங்களிடம் உண்மை பேசியவன் ஆகேன். நம் கழகத்து இளைஞர் குழுவின் பெயர்ப் பட்டியலை நேற்றுப் பார்த்தேன். பதினைந்து பெயர்கள். அவற்றுள் இம்மலையின் பழங்குடிகளான மலையாளிப் பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "அவர்கள் நம்மவர் அல்லரே" என்று ஒரு தம்பி கூறினார். அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பின்கட்டுத் திண்ணையில் எனக்கு இலை போட்ட வீட்டிலும் அதையே சொல்லியிருப்பார்கள்.

அப்பட்டியலில் பெண்பிள்ளை ஒருவரும் இல்லை. 2018-இல் கட்டக் நகரில் மணிப்பூர் அணியை வென்று தேசிய மகளிர் கால்பந்துக் கோப்பையைக் கொணர்ந்தவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள். கடலூரின் இந்துமதி கதிரேசன் நாட்டுக்காக ஆடியவர். தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றவர். நம் தங்கையர் மட்டும் இன்னும் வேலிக்கு இப்புறம் நின்று பார்ப்பதா?

சரிவைச் சமப்படுத்துவதற்கு மண்வெட்டி போதும். அச்சமதளத்தில் யார் யார் நிற்கலாம் என்பதைச் சமப்படுத்துவதற்கு மனம் வேண்டும். கழகம் பணம் ஒதுக்கட்டும். நான் என் பங்கைத் தருகிறேன். ஆனால் தம்பிகளே, அந்தத் திடலில் முதல் ஆட்டம் நடைபெறும் நாளில் என்னை அழைப்பதற்கு முன், பட்டியலைத் திருத்தி எழுதுங்கள். திருத்திய பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மூன்று முறை வந்து தன் பெயரைப் படித்துப் பார்க்கும் ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும்.